ஆம் என்று சொன்ன குரல்

ஆர்டிஸ் அத்தையை வேறு ஊருக்குக் கொண்டுபோனது மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. கோர்லிஸ் மாவட்ட முதியோர் இல்லத்தின் வாசலிலிருந்து வேன் சரியாகப் பத்து மணிக்குப் புறப்பட்டது. அத்தையின் மடியில் ஒரு சின்ன ரேடியோ, காலடியில் ஒரு துணிப்பை. வழியனுப்ப அவள் புருஷன் வரவில்லை.

வெர்லின் மாமா அந்த நேரத்தில் ஊர் வானொலி நிலையத்தில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வேனுக்குள் அவருடைய குரல் மட்டும் போனது. நான் என் காரில் வேனைத் தொடர்ந்தேன். என் வண்டியிலும் அதே நிலையத்தைத்தான் வைத்திருந்தேன். "எது வரைக்கும் கேக்குதுன்னு பார்த்துட்டு வா," என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

அவருடைய நிகழ்ச்சிக்குப் போன் செய்து யாரோ ஒருவர் விறகடுப்பு விற்றார். யாரோ ஒரு அம்மாள் ஆறு கோழிகளுக்குப் பதிலாகத் தொட்டில் கேட்டாள். அரைமணி நேர நிகழ்ச்சியை மாமா முக்கால் மணி நேரத்துக்கு இழுத்தார். சேவல் உண்டா, அடுப்புக்குக் குழாய் உண்டா என்று தேவையில்லாததையெல்லாம் விசாரித்தார். முப்பத்தெட்டாவது மைலில், ஜல்லிக் குவாரி மேட்டைத் தாண்டி இறங்கியதும், அவர் குரல் இரைச்சலாகி நின்றுபோனது. வேனின் பின்கண்ணாடி வழியாக அத்தையின் தலை குனிவது தெரிந்தது. ரேடியோவின் திருகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிக்கொண்டிருந்தாள்.

அவளைப் புது இடத்தில் சேர்த்துவிட்டு மாலையில் திரும்பினேன். மாமா நிலையத்தின் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எது வரைக்கும்?"

"முப்பத்தெட்டு மைல்."

"குவாரி மேடுதானே? நெனச்சேன். திருகிப் பார்த்தாளா?"

"இல்ல மாமா. தூங்கிட்டாங்க."

தலையை ஆட்டினார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நிலையத்தின் சாவியை உள்ளே மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். இருபத்தாறு வருஷம் நடந்த நிகழ்ச்சி அன்றோடு முடிந்தது.

வெர்லின் ஹாக்ஸ்டாட் பிறவியில் பால்பண்ணைக்காரர். நாற்பத்தோராம் வயதில் டிராக்டர் கவிழ்ந்து இடுப்பு உடைந்தபோது மாடுகளை விற்றார். படுத்துக்கிடந்த மாதங்களில் தினமும் வானொலிக்குப் போன் செய்து, பண்ணைச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றிருக்கிறார். பால் கறக்கும் இயந்திரத்தை விற்பதற்கு அந்த இயந்திரத்தின் கதையையே சொல்வாராம். போன் செய்தவர்கள் வாங்க வந்தார்களோ இல்லையோ, கதை கேட்க வந்தார்கள். ஆறு மாதத்தில் நிலையத்தார் அவரையே அந்த நிகழ்ச்சிக்கு உட்காரவைத்துவிட்டார்கள்.

"காலை வணக்கம், அக்கம்பக்கத்தாரே! வெர்லின் பேசறேன். என்ன வச்சிருக்கீங்க? என்ன வேணும்?"

இந்த நாலு வரிதான் அவருடைய சொத்து. வட விஸ்கான்சினில் எங்கள் மாவட்டத்தில் காலை பத்து மணிக்கு எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இது காதில் விழும். ஓட்டை டயர், நாய்க்குட்டி, கல்யாண உடை ("ஒரு தடவைதான் போட்டது, அதுவும் மதியம் வரைக்கும்தான்") எல்லாம் அவர் வாய் வழியாகக் கைமாறின. அவர் ஒரு பொருளை நல்லது என்று சொன்னால் அது நல்லது. ஒருமுறை துருப்பிடித்த படகு ஒன்றைத் தெரியாமல் புகழ்ந்துவிட்டு, மறுநாள் அவரே தன் போன் நம்பரைச் சொல்லி, "வாங்கினவரு மன்னிச்சுக்கணும், நான் நேர்ல பார்க்காம பேசிட்டேன்," என்றார். அதை ஊர் பல வருஷம் பேசியது.

அத்தை பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் சமைத்தவள். எழுபத்தோராம் வயதில் ஞாபகம் போக ஆரம்பித்தது. அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு வீட்டுக்கு வழி மறந்தாள், கடைசியில் மாமாவை மறந்தாள். மேட்டில் இருக்கும் மாவட்ட முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அது மாவட்டத்துக்கே சொந்தமான இல்லம். அங்கே வேலை பார்த்த பாதிப்பேர் அவள் சமைத்த பள்ளிச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

ஆறு வருஷம் கப்பல் சமையலறை, திராட்சைத் தோட்டம், மலை விடுதி என்று தேசம் தேசமாக வேலை பார்த்துவிட்டு, வேன் புறப்பட்ட அந்த மார்ச்சுக்கு முந்தைய அக்டோபரில்தான் நான் ஊர் திரும்பியிருந்தேன். மாமா வீட்டு மாடியறையில் தங்கினேன். முதல் வாரமே என்னை இல்லத்துக்குக் கூட்டிப்போனார். நிகழ்ச்சி முடிந்து தினமும் நண்பகலில் அங்கே போய் அத்தைக்குச் சூப் ஊட்டுவது அவர் வழக்கம்.

"நீங்க யாரு?" என்றாள் அத்தை அவரிடம்.

"சூப் கொண்டு வந்தவன்."

"நல்லது. உக்காருங்க. இங்க ரேடியோல ஒரு ஆளு பேசறான், கேட்டிருக்கீங்களா? காலையில. அவன் பேசினாத்தான் எனக்கு அன்னிக்கு விடிஞ்ச மாதிரி இருக்கு."

"அப்படியா?"

"நல்ல மனுஷன். கல்யாணம் ஆயிடுச்சான்னுதான் தெரியல."

"ஆயிடுச்சாம். விசாரிச்சேன்."

"அடடா," என்றாள் அத்தை, உண்மையிலேயே வருத்தத்தோடு. செவிலி உதவியாளர் ரோண்டா சிரிப்பை அடக்க முடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மாமாவும் சிரித்தார். எதிரில் உட்கார்ந்திருக்கும் கிழவனை அவளுக்குத் தெரியவில்லை. வானொலியில் பேசுகிறவனைத் தெரிந்திருந்தது. அது போதும் என்று அவர் தீர்மானித்திருந்தார்.

அந்த நவம்பர் தேர்தலில் இல்லத்தைப் பற்றி ஒரு கேள்வி வாக்குச்சீட்டில் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாவட்டத்தால் இல்லத்தை நடத்த முடியவில்லை என்ற பேச்சு இருந்தது. செப்டம்பரிலேயே பலகைகள் முளைத்துவிட்டன: 'நம் இல்லத்துக்கு ஆம்.' மேலே ஒரு வயதான அம்மாளின் படம். நட்சத்திரப் பின்னல் போட்ட நார்வேக் கம்பளிச் சட்டை, கையில் காப்பிக் கோப்பை. அவள் யார் என்று காப்பிக் கடையில் சண்டையே நடந்தது.

"ஹார்லனோட அம்மாதான்."

"அவங்க செத்து ஒம்பது வருஷம் ஆச்சு."

"பழைய போட்டோவா இருக்கும்."

"லூத்தரன் சர்ச்சில ஆர்கன் வாசிக்குமே, அந்த அம்மா. மூக்கைப் பாரு."

அவள் எங்கள் மாவட்டத்தவளே இல்லை. எந்த ஊர்க்காரி என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆளாளுக்கு அவளில் தங்கள் அம்மாவைக் கண்டுபிடித்தார்கள்.

ரோண்டா மட்டும் தன் வீட்டு முன்னால் அட்டையில் கையால் எழுதி வைத்திருந்தாள்: 'வேண்டாம் என்று போடுங்கள்.' எங்கள் ஊரில் வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. காப்பி கொடுத்தால்கூட, வேண்டாம் என்பதற்குப் பதில், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்பார்கள். அந்த அட்டையைக் கடந்துபோகிறவர்கள் முகம் சுளித்தார்கள்.

டார்பி என்ற அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். மாநிலத் தலைநகரிலிருந்து வந்தவள், 'ஆம்' பிரசார அலுவலகத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். மாமா காப்பி வேண்டுமா என்றார்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமம் ஒண்ணும் இல்ல. போட்டுட்டேன்."

"இல்ல இல்ல, இப்பத்தான் குடிச்சேன்."

"அரைக் கோப்பையாவது."

"சரி, நீங்க அவ்வளவு சொல்லும்போது."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறைதான் வாங்கிக்கொள்வார்கள். மூன்றாம் முறையும் மறுத்தால் அது அவமதிப்பு. "தலைநகர்ல இருந்து வந்தவ, ஆனா வளர்ப்பு நம்ம வளர்ப்பு," என்று பிறகு என்னிடம் சொன்னார்.

காப்பியைக் குடித்துவிட்டு அவள் விஷயத்துக்கு வந்தாள். இல்லத்துக்காக அவர் குரலில் ஒரு சின்னச் செய்தி. பதிவுசெய்தால் வீடுவீடாகப் போனில் போகும்.

"நான் அரசியல் பேசறதில்லம்மா. இருபத்தாறு வருஷமா பேசினதில்ல."

"இது அரசியலே இல்லையே வெர்லின். இது வீடு."

"இருந்தாலும், வேற யாரையாவது கேளுங்களேன்."

அவள் உடனே வற்புறுத்தவில்லை. கோப்பையைக் கழுவும் தொட்டியில் கொண்டுபோய் வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த அத்தையின் படத்தைப் பார்த்தாள். "இவங்க அங்கதானே இருக்காங்க?" என்றாள். "இவங்களுக்காகக் கேக்கறேன்."

அது மூன்றாம் முறை.

அவள் கொண்டுவந்த தாளில் ஏழெட்டு வரிதான். தொடக்கத்தில் அவருடைய வணக்கமே எழுதியிருந்தது, அக்கம்பக்கத்தார் உட்பட. "இல்லம் நடந்துக்கிட்டே இருக்கணும்னுதானே இது?" என்று மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இல்லத்தோட எதிர்காலத்துக்காகத்தான்," என்றாள் அவள். அவர் படித்தார். ஒரே மூச்சில், அந்தக் குரலில். பிறகு, ஒலி சரியாக விழுகிறதா என்று பார்க்க, இன்னும் சில வரிகளைச் சொல்லச் சொன்னாள்: நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஆம்னு போடுங்க. நம்ம பூங்காவுக்கு. நம்ம சாலைக்கு. மாமா விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே போனார், "நம்ம மாட்டுக்கு ஆம்னு போடுங்க" வரைக்கும். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். போகும்போது, குரலைப் பயன்படுத்த அனுமதி என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள்.

அடுத்த வாரம் காப்பிக் கடையில் ரோண்டா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வெர்லின், நேத்து சாயங்காலம் போன்ல வந்து என்கிட்ட என்ன சொன்னீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லத்தைக் காப்பாத்தச் சொன்னேன்."

"கேள்வியைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அவ குடுத்த தாளைப் படிச்சீங்க. சீட்டுல இருக்கற கேள்வியைப் படிச்சீங்களா? ஆம்னா விக்கறது. வேண்டாம்னாத்தான் நம்மகிட்ட இருக்கும்."

பக்கத்து மேசைக்காரர் குறுக்கே புகுந்தார். "ஏன் ரோண்டா, கிழவிங்க மேல உனக்கு என்ன கோபம்? வேண்டாம் வேண்டாம்னு போர்டு வேற."

"தினமும் அவங்களைக் குளிப்பாட்டறவ நான். நீங்க உங்க அம்மாவைப் பார்த்து எத்தன மாசம் ஆச்சு டுவைட்?"

மாமா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "சண்டை வேண்டாம்மா," என்று மட்டும் சொன்னார். வண்டியில் வரும்போது, "அவளுக்கு வேலை போயிடுமோன்னு பயம், பாவம்," என்றார். பலகையில் இருந்த அம்மாளின் முகம் ஒவ்வொரு திருப்பத்திலும் எங்களைப் பார்த்துச் சிரித்தது. நான் கேள்வியைத் தேடிப் படித்திருக்கலாம். எங்கள் மாநிலத்தில் தேர்தலன்றே வாக்குச்சாவடியில் பெயரைப் பதிந்து நானும் வாக்களித்திருக்கலாம். வசந்தத்தில் மறுபடி எங்காவது கிளம்பப்போகிறவளுக்கு இதில் என்ன என்று இருந்துவிட்டேன்.

தேர்தலன்று, வாக்குச்சாவடி இருந்த சர்ச்சின் கீழ்த்தளத்துக்கு அவரை நான்தான் கூட்டிப்போனேன். தடுப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். அவருக்குப் பின்னால் போனவர்கள் எல்லாம் அவருக்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டார்கள். வெளியே வந்தபோது, "எழுத்து ரொம்பப் பொடிசு," என்றார்.

ஆம் ஜெயித்தது. ஐந்நூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசம். அன்று இல்லத்தில் சிலர் கேக் வெட்டினார்கள். அத்தைக்கும் ஒரு துண்டு கிடைத்தது. ஜனவரியில் கடிதம் வந்தது. இல்லத்தை வாங்கிய நிறுவனம், பழைய கட்டடம் கட்டுப்படியாகாது என்று முடிவெடுத்து, இருப்பவர்களைத் தன் வேறு இல்லங்களுக்கு அனுப்பும். அத்தைக்குக் கிடைத்த இடம் நூற்று நாற்பது மைல் தள்ளி.

கடிதத்தைப் படித்த அன்றுதான் மாமா அதைச் சொன்னார். சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம்.

"ரெண்டு தடவை படிச்சேன்டீ. அங்க நின்னு. பராமரிப்பு தொடர்வதை உறுதிசெய்யும் பொருட்டுன்னு ஆரம்பிச்சுது. நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில உடைமையை வெளி நிறுவனத்துக்கு மாத்திக்குடுக்க அதிகாரம் அளிக்கலாமான்னு இருந்துச்சு. அப்பவே ரோண்டா சொன்னது புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் மாமா?"

"மாவட்டம் முழுக்க ஆம்னு போடச் சொல்லியிருக்கேன். என் வாயால. நான் சொன்னது தப்பா இருக்க முடியாதுன்னு நெனச்சேன். நானே சொல்லிட்டு நானே வேண்டாம்னு போட்டா..." நிறுத்திவிட்டு, பென்சிலால் வட்டத்தை நிரப்புவதுபோல மேசைமேல் விரலால் தேய்த்தார். "நெரப்பிட்டேன்."

மறுநாள் வானொலியில் அதைச் சொல்லப்போவதாகத்தான் புறப்பட்டார், படகுக்கு மன்னிப்புக் கேட்டதுபோல. ஆனால் முதல் போனே ரோண்டாவுடையது.

"என்ன வச்சிருக்கீங்க? என்ன வேணும்?"

"ஒரு பலகை இருக்கு வெர்லின். ஆம்னு எழுதியிருக்கு. ஒரு கிழவி படமும் இருக்கு. ஒரு தடவைதான் உபயோகிச்சது."

"பதிலுக்கு... என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். என் கண்ணுல படாம யாராவது எடுத்துட்டுப் போனாப் போதும்."

வானொலியில் மௌனம் எவ்வளவு நீளம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அடுப்பில் பால் பொங்கி வழியும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "அடுத்து யாரு?" என்றார். சொல்ல நினைத்ததைச் சொல்லவே இல்லை. அதற்குப் பின்பும் மார்ச் வரைக்கும் தினமும் அந்தக் குரலில் பேசினார். யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

வேன் போன பிறகு, வீட்டுத் தொலைபேசி எண்ணையே பெரிய பொத்தான் வைத்த ஒரு கைப்பேசிக்கு மாற்றி, அத்தையின் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தார். அந்த எண்ணாவது நினைவிருக்கும் என்ற நம்பிக்கை. தினமும் பத்து மணிக்குக் கூப்பிடுவார்.

"யாரு?"

"வெர்லின் பேசறேன் ஆர்டிஸ்."

"தப்பான நம்பர்," என்று அத்தை வைத்துவிடுவாள்.

"ரேடியோல பேசற மாதிரியே பேசுங்க மாமா. அந்த வணக்கத்தைச் சொல்லுங்க," என்று நான் நச்சரித்தேன். ஒருநாள் முயன்றார். நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "காலை வணக்கம், அக்கம்..." என்று ஆரம்பித்தார். குரல் எழும்பவில்லை. போனை மேசைமேல் கவிழ்த்துவைத்தார்.

"வரமாட்டேங்குது. அந்தக் குரல்ல நான் பொய் சொல்லிட்டேன்."

பழைய ஒலிப்பதிவு கிடைக்குமா என்று நிலையத்தில் விசாரித்தேன். எல்லாம் நேரடியாகப் பேசியது. அந்தச் சின்ன நிலையத்தில் எதையும் எடுத்துவைத்ததில்லை. டார்பியின் அலுவலகத்துக்கும் கடிதம் எழுதினேன், அந்தப் பதிவையாவது கொடுங்கள் என்று. பதில் வரவில்லை.

ஞாயிறுதோறும் நாங்கள் நூற்று நாற்பது மைல் போய்வந்தோம். அங்கே அத்தையைப் பார்த்துக்கொண்டது மாய் என்ற பெண், லாவோஸ் பக்கமிருந்து வந்து குடியேறிய மாங் இனத்தவள். அத்தை இரைச்சல் போடும் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள்.

"அந்த ஆளு பேசறதை நிறுத்திட்டான்," என்றாள் மாமாவிடம். "செத்துட்டானோ என்னவோ."

"இருக்கான்," என்றார் மாமா.

"பின்ன ஏன் பேசமாட்டேங்கறான்? எம்மேல ஏதாவது கோபமா?"

அவர் அவள் வாயைத் துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாய் ரேடியோவை வாங்கி, அணைத்து, மறுபடி அவள் மடியிலேயே வைத்தாள்.

இரண்டாவது பனிக்காலத்தில் மாமா இறந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, தூக்கத்தில். சர்ச் கொள்ளாத கூட்டம். இனிப்புத் தட்டுகளை அடுக்கியது ரோண்டாதான். அவள் வீட்டு வாசலில் அந்த அட்டை நைந்து கிழியும்வரை நின்றது. மாமா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றியதாக அன்று சொன்னாள். அத்தையிடம் போய்ச் செய்தியைச் சொன்னேன். "எனக்கு அவரைத் தெரியாதேம்மா," என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "உனக்கு வேண்டியவரா?"

நான் வசந்தத்தில் கிளம்பவில்லை. அதற்கடுத்த வசந்தத்திலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயணம் எனக்கு வந்து சேர்ந்தது.

போன மாதம், மறுபடி ஒரு தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மாயிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது:

'இன்னிக்குக் காலையில ஆர்டிஸோட போன் அடிச்சுது. எடுக்கறதுக்குள்ள நின்னுபோச்சு, ஆனா உள்ள ஒரு பதிவு இருக்கு. காலை வணக்கம், அக்கம்பக்கத்தாரே, வெர்லின் பேசறேன், நம்ம பூங்காவுக்கு ஆம்னு போடுங்கன்னு வருது. இறந்தவரோட குரலாச்சே. அழிச்சிடலாமான்னு நெனச்சேன், ஆர்டிஸ் விடல. நாலு தடவை போடச் சொன்னாங்க. ரேடியோக்காரன் திரும்ப வந்துட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்றாங்க. இன்னிக்குச் சாப்பாடு முழுசா சாப்பிட்டாங்க. கல்யாணம் ஆனவனான்னு என்னை விசாரிக்கச் சொல்றாங்க. தினமும் பத்து மணிக்குப் போட்டுக் காட்டட்டுமா? நீங்க வேண்டாம்னு சொன்னா அழிச்சிடறேன்.'